கை வைத்தால் உடைகிற பில்லிங்: வாசகர் கேள்வி பதில்

(வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கும், எழுதச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்களுக்குமான பகுதி. பதில் சொல்பவர் வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறார். தோல் கம்பெனி, லாட்ஜ், மளிகைக் கடை என்று இந்தப் பக்கத்துக் கணக்குகளோடு பழகியவர்.)

மேடம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பில் போடும் அப்ளிகேஷன் முழுக்க பி.எச்.பி. மொழியில், ஒரே ஃபைலில் நாலாயிரம் வரிக்கு மேல் இருக்கிறது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். ஒரு இடத்தில் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் உடைகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு லாராவெல்லில் (பி.எச்.பி.க்கான தயார் கட்டமைப்பு) புதிதாக எழுதலாம் என்கிறேன். முதலாளி யோசிக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

சம்மதிக்க வைக்காதீர்கள். அவர் யோசிப்பது நல்லதுதான்.

அந்த ஃபைல் அசிங்கமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிகிற இஃப்களில் (இப்படி இருந்தால் இப்படிச் செய் என்கிற வரிகளில்) பாதிக்குப் பின்னால் ஒரு வியாபார விவகாரம் இருக்கும். ஒரு பார்ட்டிக்கு மட்டும் பைசாவை ரவுண்ட் செய்யக் கூடாது. சாம்பிள் ஜோடிக்கு விலை காட்ட வேண்டும், மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. ஏற்றுமதி பில்லுக்கு வேறு கணக்கு. இதையெல்லாம் யாரும் நோட்டில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்; அந்த ஃபைலில் மட்டும்தான் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டால் ஒவ்வொன்றையும் கஸ்டமர் திட்டித்தான் மறுபடி கற்றுக்கொள்வீர்கள். பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. நெட்ஸ்கேப் பிரவுசரின் 4-ம் பதிப்பு 1997-ல் வந்தது. அப்புறம் பழைய புரோகிராமை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். அடுத்த பெரிய பதிப்பு 2000 நவம்பரில்தான் வெளியானது, அதுவும் 6 என்ற எண்ணோடு. 5 வரவே இல்லை. அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய்விட்டது.

சரி, என்ன செய்யலாம்? இன்றைக்கே அந்த ஃபோல்டரை கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) போடுங்கள். "இன்வாய்ஸ்_நியூ", "இன்வாய்ஸ்_நியூ2", "இன்வாய்ஸ்_ஃபைனல்_பழசு" என்று பக்கத்திலேயே நாலு ஃபைல் கிடக்கும், எனக்குத் தெரியும். எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். கிட்டில் இருப்பதால் பயமில்லை.

அடுத்தது, புரோகிராமில் எதையும் தொடுவதற்கு முன்னால், பழைய பில்களில் ரகத்துக்குக் கொஞ்சமாகப் பொறுக்கி எடுங்கள். உள்ளூர் பில், வெளிமாநில பில், ஏற்றுமதி, சரக்குத் திரும்பி வந்தது, தள்ளுபடி போட்டது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே போன விவரமும் வெளியே வந்த தொகையும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். அந்த பில்களை மறுபடி ஓட்டி, தொகை ஒரு பைசா மாறினாலும் கத்துகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். டெஸ்ட் எழுதுவதைப் பற்றி நிறைய வகுப்பு எடுப்பார்கள். உங்களுக்கு இப்போதைக்கு இது போதும். இது இல்லாமல் கை வைத்தால் நீங்களும் அடுத்தவர் வந்து திட்டுகிற ஆளாகிவிடுவீர்கள்.

அப்புறம் ஜி.எஸ்.டி. வரிக் கணக்கை அந்த ஃபைலிலிருந்து தனியாக வெளியே எடுங்கள். முதலில் வரி ஏன் என்றால், உங்கள் தொழிலில் அதிகமாக மாறுவது அதுதான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஜோடி 500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2018 ஜூலைக் கடைசியில் அந்த எல்லை 1000 ரூபாய் ஆனது. 2022 ஜனவரி 1 முதல் 1000 வரைக்கும் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. எட்டு வருடத்தில் நாலு விதம். உங்கள் ஃபைலில் 0.05, 0.12, 0.18 என்று தேடிப் பாருங்கள். பில் போடும் இடத்தில் ஒன்று, பிரிண்டில் ஒன்று, மாத ரிப்போர்ட்டில் ஒன்று, எக்செல் இறக்கும் இடத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். மூன்றை மாற்றி நான்காவதை மறந்தால் "வேறு இடத்தில் உடைகிறது".

விகிதத்துக்கு ஒரு டேபிள் போடுங்கள்: எந்தத் தேதி முதல், எந்த விலை வரை, எத்தனை சதவீதம். தேதியும் ஜோடி விலையும் கொடுத்தால் விகிதத்தைச் சொல்கிற ஒரே ஒரு ஃபங்ஷன். ஸ்கிரீனோ பிரிண்டரோ இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. தேதியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், "இன்று" என்று அதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வருடத்து பில்லுக்குச் சரக்குத் திரும்பி வந்தால் அந்த பில் போட்ட நாளின் விகிதம்தானே வேண்டும். பில் ஒருமுறை போட்டுவிட்டால் விகிதத்தையும் வரித் தொகையையும் அந்த பில்லின் பதிவிலேயே எழுதி வையுங்கள். பழைய பில்லைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்குப் போடுகிற அப்ளிகேஷனை நான் பார்த்திருக்கிறேன். விகிதம் மாறிய மறுநாள் போன வருடத்து லெட்ஜரே மாறிவிடும். கூடவே, பணத்தை ஃப்ளோட்டில் (பின்னத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்திருந்தால் டெசிமலுக்கு (துல்லியமாக வைக்கும் வகை) மாற்றுங்கள், இல்லாவிட்டால் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஆடிட்டர் அதை ரசிக்க மாட்டார்.

வரி வெளியே வந்த பிறகு டேட்டாபேஸ் பக்கம் போங்கள். எஸ்.கியூ.எல். (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி) எழுதுகிற இடத்தையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கஸ்டமர் பெயரை அப்படியே அந்தக் கேள்வியில் ஒட்டுகிற வழக்கத்தை விட்டு ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு (கேள்வியையும் பெயரையும் தனித்தனியாக அனுப்பும் முறை) வாருங்கள். டி'சூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் பக்கம் விழுந்துவிடும், அடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் குறிதான் காரணம். திருடன் உள்ளே வருவதும் அதே ஓட்டை வழியாகத்தான்.

எச்.டி.எம்.எல்., அதாவது பக்கத்தின் தோற்றம், கடைசி. அது எப்படி இருந்தாலும் யாருக்கும் பணம் நஷ்டமில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு லாராவெல் வேண்டுமா என்று யோசியுங்கள். அப்போது அது சுலபமாகவும் இருக்கும், ஏனென்றால் எடுத்துப் போக வேண்டிய சாமான் தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். இப்போது அதே நாலாயிரம் வரியை லாராவெல்லின் ஒரு கண்ட்ரோலருக்குள் (கோரிக்கையை வாங்கிப் பதில் அனுப்பும் பகுதி) கொட்டினால், இடிந்த வீட்டுக்கு வாசலில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

ஒன்று விட்டுப்போய்விட்டது. உங்கள் ஃபைலில் "வேலூர்" என்றும் தேடுங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கு. இன்னும் "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்று அச்சாகும் பில்கள் என் மேசைக்கு வருகின்றன. 1989-லும் ஒருமுறை வட ஆற்காட்டைப் பிரித்தார்கள். என் அப்பா அதற்கப்புறமும் கடிதத்தில் வட ஆற்காடு என்றே எழுதிக்கொண்டிருந்தார். அப்பா எழுதலாம். உங்கள் பில் எழுதக் கூடாது. மாவட்டப் பெயரை புரோகிராமில் எழுதாமல் டேபிளில் வைத்தவர்களுக்கு 2019-ல் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

அக்கா, எம்.வி.சி. பற்றிப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். மாடல், வியூ, கண்ட்ரோலர் என்று மூன்று பெட்டி, நடுவில் அம்புக்குறி. உண்மையில் எதை எதில் போடுவது என்று மட்டும் தெரியவில்லை.
- கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, அந்த அம்புக்குறிகள் யாருக்கும் புரிந்ததில்லை, கவலைப்படாதே. அப்ளிகேஷனை மூன்றாகப் பிரிக்கிற இந்த ஏற்பாட்டை 1979-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது யோசித்தவர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் என்ற நார்வேக்காரர். அப்போது வெப் கிடையாது. மேசைக் கம்ப்யூட்டரில் ஸ்மால்டாக் மொழியில் ஓடுகிற புரோகிராமுக்காக யோசித்தது. பின்னால் வெப்புக்கு இழுத்து வந்தபோது அம்புக்குறிகள் இடம் மாறிவிட்டன. 2004-ல் ரெயில்ஸ், 2005-ல் ஜாங்கோ என்ற வெப் கட்டமைப்புகள் வந்த பிறகுதான் வெப்பில் இது எல்லோருக்கும் பழக்கமானது. ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. அதில் மற்றவர்கள் கண்ட்ரோலர் என்பதை வியூ என்பார்கள், வியூ என்பதை டெம்ப்ளேட் என்பார்கள். இரண்டையும் ஒரே செமஸ்டரில் படித்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

ஆகவே பெயர்களை விடு. உன் கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொள். புத்தகம் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு அபராதம், ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த விதியை எங்கே எழுதுவாய்? பெரும்பாலோர் "புத்தகம் திருப்பு" பட்டனை அழுத்தியதும் ஓடுகிற கண்ட்ரோலரில் எழுதிவிடுவார்கள். வேலை செய்யும். அடுத்த மாதம் நூலகர் வருவார்: ராத்திரி எல்லோருக்கும் அபராதத்தை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்ப வேண்டும் என்பார். ராத்திரி யாரும் பட்டனை அழுத்துவதில்லை. விதியோ பட்டனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது என்ன செய்வார்கள்? காப்பி அடித்து இன்னொரு இடத்தில் ஒட்டுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமையோடு அரசு விடுமுறையையும் கழிக்க வேண்டும் என்று வரும். ஒரு இடத்தில் மாறும், ஒரு இடத்தில் மாறாது. பையனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு தொகை, கவுண்டரில் ஒரு தொகை.

பிரவுசரே இல்லாமல் இந்த விதி ஓட வேண்டுமா என்று கேட்டுப் பார். ஆமாம் என்றால் அது மாடல். அதை ஸ்கிரீனில் சிவப்பில் காட்டுவதா கறுப்பில் காட்டுவதா என்பது வியூ. கண்ட்ரோலர் வந்த கோரிக்கையை வாங்கி, உரிய ஆளிடம் கேட்டு, பதிலை அனுப்புகிற குமாஸ்தா மட்டும்தான். கண்ட்ரோலர் நீண்டுகொண்டே போனால் அவர் முதலாளி வேலையும் பார்க்கிறார் என்று அர்த்தம். இதை அப்படியே பரீட்சையில் எழுதிவிடாதே, மார்க் போட மாட்டார்கள். மூன்று பெட்டியே வரைந்துவிடு.

எங்கள் டேனரிக்கு மைக்ரோ சர்வீஸ் முறையில் அப்ளிகேஷன் செய்யலாம் என்று ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா?
- டேனரி உரிமையாளர், ராணிப்பேட்டை

வேண்டாம். ஒரு அப்ளிகேஷனைத் தனித்தனியாக ஓடுகிற பல சின்ன அப்ளிகேஷன்களாக உடைப்பதுதான் மைக்ரோ சர்வீஸ். நூறு பேர் ஒரே அப்ளிகேஷனில் வேலை செய்து ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிற இடத்துக்கான ஏற்பாடு அது. உங்களுக்கு வேலை செய்யப்போவது மூன்று பேர். ஒரே அப்ளிகேஷன், உள்ளே தோல் வரவு, பதனிடுதல், அனுப்புதல் என்று தெளிவாகத் தடுத்து வைத்தால் போதும்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். ரூம் புக்கிங் சைட்டில் ஒரே ரூமை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறது. கொல்கத்தாவிலிருந்து பேஷண்டைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். டெவலப்பர் "ஸ்ட்ரக்சரே சரியில்லை, மாற்றி எழுத வேண்டும்" என்று மேலும் பணம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?
- லாட்ஜ் உரிமையாளர், வேலூர்

ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றி எழுத வேண்டியது சைட் முழுவதையும் அல்ல, ஒரு மூலையைத்தான். நடப்பது இது: ஒருவர் பட்டனை அழுத்துகிறார், சைட் "204 காலியா?" என்று டேட்டாபேஸைக் கேட்கிறது, காலி என்று பதில் வருகிறது, எழுதப் போகிறது. கேட்டதற்கும் எழுதியதற்கும் நடுவில் இருக்கிற கண்ணிமைக்கும் நேரத்தில் இன்னொருவரும் கேட்கிறார். அவருக்கும் காலி என்றே பதில். இருவரும் எழுதிவிடுகிறார்கள். சைட் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் இது நடக்கும். தடுக்க வேண்டியது டேட்டாபேஸ்.

உங்கள் டெவலப்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு ரூம், ஒரு ராத்திரி, ஒரு வரி. அந்த டேபிளில் ரூம் எண்ணும் தேதியும் சேர்ந்து யூனிக்காக (ஒரு தடவைக்கு மேல் வராதபடி) இருக்க வேண்டும். ஐந்து ராத்திரி புக்கிங் என்றால் ஐந்து வரி, எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனில் (ஐந்தும் பதிவாகும், இல்லாவிட்டால் ஒன்றும் பதிவாகாது). இரண்டாவது ஆளின் வரியை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும், அவருக்கு "மன்னிக்கவும், இப்போதுதான் போனது" என்று காட்டலாம். நேர்த்தியான வேறு வழிகளும் உண்டு. இது எந்த டேட்டாபேஸிலும் வேலை செய்யும், அடுத்து வரும் டெவலப்பருக்கும் பார்த்ததும் புரியும்.

அப்புறம் உங்கள் ஊர் லாட்ஜில் அதிகம் நடக்கிற காரியம் புக்கிங் இல்லை, நீட்டிப்பு. டாக்டர் அடுத்த செவ்வாய் வரச் சொல்லிவிட்டார், ரூம் இன்னும் நாலு நாள் வேண்டும். பெரும்பாலான சைட்டில் இதற்குத் தனியாக எதுவும் இருக்காது. கவுண்டர் பையன் பழைய புக்கிங்கை எடிட் செய்து தேதியை மாற்றுவான், அட்வான்ஸ் கணக்கு குழம்பும், அந்த நாலு நாளைக்கு அந்த ரூமை வேறு யாராவது பிடித்திருப்பார்கள். "தங்கலை நீட்டு" என்று தனி வேலையாகவே அது இருக்க வேண்டும், காலி இல்லாவிட்டால் எந்த ரூமுக்கு மாற்றலாம் என்றும் காட்ட வேண்டும். நல்ல டிசைன் என்று நான் சொல்வது இதைத்தான். கவுண்டரில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்காத டெவலப்பருக்கு இது தெரியாது; உட்காரச் சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

பெயர் கேட்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கட்டாயமாக இருந்தால் நம் ஊர்க்காரர்கள் இரண்டாவதில் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் அதே பெயரை மறுபடி அடிப்பார்கள். ஒரே பெட்டி போதும், அடையாள அட்டையில் இருக்கிறபடி.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு போனில் ஒரே ரூம், ஒரே தேதி, இரண்டிலும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். பிறகு, புக்கிங் முடிந்த பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். இன்னொரு புக்கிங் விழுந்தால் இன்னும் வேலை முடியவில்லை.

எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பதிவுகள் தானாகவே அழிகின்றன. யாரும் உள்ளே போய் அழிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். வைரஸா?
- வாசகி, அரக்கோணம்

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் "அழி" என்று ஒரு லிங்க் இருக்கிறதா? அதுதான். லிங்கை அழுத்தினால் பிரவுசர் அனுப்புவது கெட் கோரிக்கை. கெட் என்றால் பார்ப்பதற்கு மட்டும். அதனால் எதுவும் மாறக் கூடாது என்பது வெப்பின் அடிப்படை ஒழுங்கு. தேடுபொறியின் ரோபோ ஒரு பக்கத்துக்கு வந்தால் எல்லா லிங்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும், அதன் வேலையே அது. 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று, பார்க்கிற பக்கத்தில் உள்ள லிங்குகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். சில அப்ளிகேஷன்களில் அது "அழி" லிங்குகளையும் எடுத்துப் பார்த்து, ஆட்களின் தகவல்களை அழித்துவிட்டது. பெரிய சண்டையாகிவிட்டது. அழிப்பது, மாற்றுவது எல்லாம் ஃபார்ம் வழியாக, போஸ்ட் கோரிக்கையாகத்தான் போக வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் அதைவிட அவசரம் ஒன்று: லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்துக்குள் வரலாம் போலிருக்கிறதே, முதலில் அதைப் பூட்டுங்கள்.

மளிகை டெலிவரி சைட் நடத்துகிறோம். கஸ்டமர் ஏரியாவைத் தமிழில் தேடினால் கொசப்பேட்டை, கொணவட்டம், தோட்டப்பாளையம் சில நேரம் கிடைப்பதில்லை. சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை எப்போதும் கிடைக்கிறது. ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கிறது.
- டெவலப்பர், வேலூர்

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தகராறு செய்கிற மூன்று பெயரிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறது. யூனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடு) "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு ஒன்றுதான். ஒப்பிடும் புரோகிராமுக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு கீபோர்டு ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் அனுப்பும், பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய பட்டியலில் எந்த விதம் வரும் என்று சொல்ல முடியாது.

இதற்கு என்.எஃப்.சி. என்று ஒரு நார்மலைசேஷன் முறை உண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பி.எச்.பி., பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் தயாராகவே இருக்கிறது. தேடும் இடத்தில் மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். வெளியிலிருந்து எழுத்து உள்ளே வருகிற ஒரே வாசலில், ஃபார்மோ எக்செல்லோ மொபைல் ஆப்போ எதுவானாலும், அங்கே முன்பின் இடைவெளியை வெட்டி நார்மலைஸ் செய்துவிடுங்கள். உள்ளே இருக்கிற புரோகிராம் அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே கூடாது. கௌ என்பதற்கு கெ-யும் ள-வும் சேர்த்து அடிக்கிறவர்களை இது காப்பாற்றாது, அது எழுத்துப் பிழை கணக்கில் சேரும்.

ஏற்கெனவே இருக்கிற பதிவுகளையும் ஒருமுறை மாற்ற வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரே வீட்டுக்காரர் இரண்டு கஸ்டமராக இருப்பது அப்போதுதான் வெளியே வரும். இரண்டு பேர் பெயரிலும் பாக்கி நின்றால் எதை எதோடு சேர்ப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.